ஏழை சொல் அம்பலம் ஏற 350 டாலர்

கேட்டவர் சொன்ன சங்கதி சுருக்கமாக இது. தூரத்து உறவில் ஒரு பையன் அமெரிக்காவில் ஒரு மாநிலச் சிறையில் இருக்கிறான். காலில் ஆறாத புண், மாதக்கணக்காக டாக்டரிடம் காட்டவில்லை, ஃபெடரல் கோர்ட்டில் வழக்கு போடப் போகிறேன் என்கிறான். மனுவைக் கையில் வாங்கவே 405 டாலர். சிறையில் அவன் பெயரில் உள்ள கணக்கில் இருப்பது 30 டாலர் சொச்சம். காசில்லாதவர்களுக்குக் கட்டணம் கிடையாது என்று ஒருவர் சொல்கிறாராம், கைதிகளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை, தவணையில் பிடித்துவிடுவார்கள் என்று இன்னொருவர் சொல்கிறாராம். எது சரி, நம் ஊரில் இதெல்லாம் எப்படி?

இரண்டு பேரும் சொன்னதில் பாதிப் பாதி சரி. காசில்லை என்பதற்காக அவனுடைய மனுவைத் திருப்பி அனுப்ப முடியாது, சட்டம் அதைத் தெளிவாகவே தடுக்கிறது. ஆனால் கட்டணம் தள்ளுபடி ஆகாது. வெளியில் இருக்கும் ஏழைக்குத் தள்ளுபடி, உள்ளே இருக்கும் ஏழைக்குக் கடன், அவ்வளவுதான் வித்தியாசம். நான் வக்கீல் இல்லை. சில வருடம் ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் கைதிகளிடமிருந்து வரும் கடிதங்களைப் பிரித்து, படித்து, வகை பிரித்து வைக்கும் வேலை பார்த்தேன். அந்தக் கடிதங்களில் பாதியில் வழக்கைவிட இந்தக் கட்டணத்தைப் பற்றிய புலம்பல்தான் அதிகம் இருக்கும். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தச் சலுகைக்கு லத்தீனில் 'இன் ஃபார்மா பாப்பரிஸ்' என்று பெயர், ஏழை என்ற முறையில் வருகிறேன் என்று அர்த்தம். நம் ஊர்க் கோர்ட் வளாகத்தில் பழைய ஆட்கள் 'பாப்பர் சூட்' என்பார்களே, அந்த பாப்பரும் இந்த பாப்பரிஸும் ஒன்றுதான். இங்கிலாந்தில் ஏழாம் ஹென்றி காலத்தில், 1495இல், ஏழைகள் கட்டணம் இல்லாமல் வழக்காட ஒரு சட்டம் வந்தது. அமெரிக்க ஃபெடரல் கோர்ட்டுகளுக்கு அப்படி ஒரு சட்டம் வர 1892 ஆனது. அதன் இன்றைய வடிவம்தான் சட்டத் தொகுப்பின் 28ஆம் தலைப்பில் உள்ள 1915ஆம் பிரிவு. (1915 என்பது பிரிவு எண். வருஷம் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர், நானும் முதல் வாரம் அப்படித்தான் நினைத்தேன்.)

கைதிகள் விஷயத்தில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒரு காலத்தில் ரொம்பத் தாராளமாக இருந்தது. மேல்முறையீட்டுக்குத் தேவையான விசாரணைப் பதிவின் நகலை வாங்கக் காசில்லாதவனுக்கு மேல்முறையீடே இல்லை என்று ஆக்கிவிடக் கூடாது என்று 1956இல் இல்லினாய் வழக்கில் சொன்னது. 1959இல் ஒஹாயோவில் ஒருவர் 20 டாலர் கட்டாததால் அவருடைய மனுவைக் கிளர்க் வாங்கவே மாட்டேன் என்றார், அது செல்லாது என்றது. 1961இல் அயோவாவில் ஆட்கொணர்வு மனுவுக்கு வெறும் 4 டாலர் கட்டணம், அந்த 4 டாலரும் கூடாது என்றது. பிறகு வந்ததுதான் எல்லோரும் பேசுகிற கிடியன் வழக்கு: ஃப்ளோரிடா சிறையிலிருந்து ஒருவர் சிறைத் தாளில் பென்சிலால் எழுதி அனுப்பிய மனு, ஏழை மனுவாக ஏற்கப்பட்டு, கடுமையான குற்ற வழக்கில் வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசே வக்கீல் தர வேண்டும் என்று 1963இல் தீர்ப்பானது. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இவை எல்லாமே தண்டனையை எதிர்த்த வழக்குகள். உள்ளே நடக்கும் கொடுமைக்காகப் போடுகிற சிவில் வழக்கு வேறு ரகம், அங்கே இந்தத் தாராளம் அந்த அளவுக்கு எட்டவில்லை.

சிவில் வழக்குகளுக்கும் 1996 வரை நிலைமை சுலபமாகத்தான் இருந்தது. கையில் காசில்லை என்று உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் கட்டணம் போய்விடும், சில மாவட்டக் கோர்ட்டுகள் மட்டும் சொந்த விதி வைத்துக் கொஞ்சம் பணம் வாங்கும். கைதிகளுக்குப் பொழுது போகவில்லை, வழக்கு போட்டு விளையாடுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. உண்மையும் கொஞ்சம் இருந்தது. ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் மனு போட்டுக் கோர்ட்டின் உயிரை வாங்கிய கதைகள் உண்டு. 1995இல் செனட்டில் பாப் டோல் ஒரு பட்டியலே வாசித்தார்: முடிவெட்டு சரியில்லை என்று ஒரு வழக்கு, வேலையை விட்டுப் போகும் ஊழியருக்கு நடந்த பீட்சா விருந்துக்குக் கூப்பிடவில்லை என்று ஒரு வழக்கு, அப்புறம் வேர்க்கடலை வெண்ணெய் வழுவழுப்பாகத் தராமல் நொறுக்காகத் தந்துவிட்டார்கள் என்று ஒரு வழக்கு. வெண்ணெய் வழக்கு ஊரெல்லாம் பரவி ஆளுக்கு ஆள் சிரித்தார்கள்.

அந்த வழக்கின் காகிதத்தை எடுத்துப் பார்த்த ஒரு நீதிபதி இருந்தார். ஜான் நியூமன், இரண்டாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. அவர் 1996இல் எழுதியது இது: அந்தக் கைதி சிறைக் கேன்டீனில் காசு கொடுத்து வாங்கிய ஜாடி அது. மாற்றி வந்ததால் திருப்பிக் கொடுத்தார், காவலர் வாங்கிக்கொண்டு போனார், அதற்குள் இவரை வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். ஜாடியும் வரவில்லை, கணக்கில் பிடித்த 2.50 டாலரும் வரவில்லை. வழக்கு அந்த 2.50 டாலருக்கு. நமக்கு அது ஒரு காப்பிக் காசுகூட இல்லை. ஆனால் ஃபெடரல் சிறைகளில் சாதாரண வேலைக்குக் கூலி மணிக்கு 12 சென்ட்டிலிருந்து 40 சென்ட் வரை. 12 சென்ட் வாங்குகிறவனுக்கு 2.50 டாலர் என்பது இருபது மணி நேரத்துக்கு மேல் தரை துடைத்த காசு. டெக்சாஸ் போன்ற மாநிலச் சிறைகளில் பெரும்பாலான வேலைக்கு அந்தக் கூலியும் கிடையாது.

சிரிப்பு ஜெயித்தது. 1996 ஏப்ரல் 26 அன்று கிளின்டன் கையெழுத்துப் போட்ட ஒரு பட்ஜெட் ஒதுக்கீட்டு மசோதாவுக்குள் ஒட்டிக்கொண்டு வந்தது சிறைவாசிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டம். இன்று உங்கள் உறவுக்காரப் பையன் முட்டிக்கொண்டு நிற்பது இந்தச் சட்டத்தின் சுவரில்தான்.

சரி, கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். ஃபெடரல் மாவட்டக் கோர்ட்டில் சிவில் வழக்குக்குச் சட்டப்படி கட்டணம் 350 டாலர், அதன்மேல் நிர்வாகக் கட்டணம் 55, ஆக 405. ஏழை மனு ஏற்கப்பட்டால் அந்த 55 போய்விடும், 350 நிற்கும். அந்த 350இல் முதல் தவணை என்ன என்பதைக் கோர்ட் இப்படி முடிவு செய்யும்: கடந்த ஆறு மாதத்தில் அவன் கணக்குக்கு மாதம் சராசரியாக எவ்வளவு வந்தது, கணக்கில் சராசரியாக எவ்வளவு இருந்தது, இரண்டில் எது அதிகமோ அதில் 20 சதவீதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும், முந்தைய மாதம் கணக்குக்கு வந்த வரவில் 20 சதவீதம். கணக்கில் 10 டாலருக்கு மேல் இருக்கும்போதெல்லாம் சிறை அலுவலகமே அதைப் பிடித்துக் கோர்ட்டுக்கு அனுப்பும். 350 தீரும்வரை அனுப்பிக்கொண்டே இருக்கும்.

ஒரு உதாரணம். பையனுக்கு அம்மா மாதம் 50 டாலர் அனுப்புகிறார், அவன் கூலி மாதம் 18 டாலர், ஆக வரவு 68. முதல் தவணை 13.60. மீதி 336.40. மாதாமாதம் 13.60 என்று பிடித்தால் 25 மாதம் ஆகும். இரண்டு வருஷத்துக்கு மேல். இதில் அவனுடைய சொந்தக் கூலி 18தான், மிச்சம் எல்லாம் அம்மா அனுப்பியது. சட்டம் 'வருமானம்' என்கிறது, ஆனால் நடைமுறையில் வீட்டிலிருந்து வரும் பணமும் வருமானம்தான். அதாவது மகன் அரசு மேல் வழக்கு போட, அம்மா தவணை கட்டுகிறார். அம்மா சோப்புக்கும் பேஸ்ட்டுக்கும் என்று நினைத்து அனுப்பிய 50இல் 10 டாலர் கோர்ட்டுக்குப் போகிறது என்பது பல வீடுகளுக்குத் தெரியக்கூடத் தெரியாது. எனக்கு வந்த கடிதங்களில் 'அம்மாவிடம் பணம் அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்' என்ற வரியைப் பல தடவை படித்திருக்கிறேன்.

கணக்கில் ஒன்றுமே இல்லாதவனுக்கு என்ன? முதல் தவணை கட்ட வழியே இல்லை என்ற காரணத்துக்காக வழக்கைத் தடுக்கக் கூடாது என்று அதே பிரிவில் ஒரு வரி இருக்கிறது. அதனால் பூஜ்ஜியம் இருப்பவன் மனு உள்ளே போய்விடும். கடன் மட்டும் அவன் பெயரில் காத்திருக்கும், என்றைக்கு யார் பணம் அனுப்பினாலும் வந்து பிடித்துக்கொள்ளும்.

இரண்டு வழக்கு போட்டால்? இதில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். மொத்தத்துக்கும் சேர்த்து மாதம் 20 சதவீதம்தான் பிடிக்க வேண்டும், ஒரு வழக்கின் கடன் தீர்ந்த பிறகுதான் அடுத்தது என்று கைதிகள் வாதாடினார்கள். ப்ரூஸ் எதிர் சாமுவேல்ஸ் வழக்கில் 2016 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாக, இல்லை, ஒவ்வொரு வழக்குக்கும் தனித்தனியாக 20 சதவீதம் என்று சொல்லிவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், கைதிகளுக்கு எதிரானவர் என்று யாரும் அவரைச் சொல்ல மாட்டார்கள், ஆனால் சட்ட வாசகம் அப்படித்தான் இருக்கிறது என்பது அவருடைய வாதம். விளைவு என்னவென்றால், ஐந்து வழக்குக் கடன் இருப்பவனுக்கு வரவில் 100 சதவீதமும் போகும், அந்த 10 டாலர் வரம்பு மட்டும்தான் பாக்கி. மேல்முறையீடு செய்தால் அதுவும் தனிக் கணக்கு, அதற்கு 605 டாலர். கீழ்க் கோர்ட்டில் தோற்று மேலே போகிறவன் 955 டாலர் கடனாளி ஆகிறான். நஷ்ட ஈடு, அபராதம், ஜீவனாம்சம் என்று மற்ற பிடித்தங்கள் இருந்தால் அவை வேறு.

வழக்கு தள்ளுபடி ஆனாலும் இந்தக் கடன் போகாது. கைதியின் மனுவை எதிர்த் தரப்புக்கு அனுப்பும் முன்பே கோர்ட் தானாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்று அதே 1996 சட்டம் சொல்கிறது. அந்த முதல் வடிகட்டலிலேயே, எதிர்த் தரப்பு ஒரு வரி பதில் எழுதுவதற்குள், மனு செத்துவிடலாம். அப்போதும் 350 முழுசாகக் கட்ட வேண்டும், மீதி மாதங்கள் தவணை ஓடிக்கொண்டிருக்கும். விடுதலை ஆன பிறகு பாக்கியை என்ன செய்வது என்பதில் கோர்ட்டுக்குக் கோர்ட் வேறுபாடு இருக்கிறது. பத்துப் பேர் ஒரே கொடுமைக்காகச் சேர்ந்து ஒரே மனு போட்டால் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாமே என்று தோன்றும். பல மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அதையும் மூடிவிட்டன, பத்துப் பேரும் ஆளுக்கு 350 கட்ட வேண்டும். ஒரே மனுவுக்கு 3,500 டாலர்! வெளியில் பத்துப் பேர் சேர்ந்து வழக்கு போட்டால் மொத்தமே 405தான்.

கடனைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. பேஸ்பால் ஆட்டத்திலிருந்து எடுத்து 'மூன்று ஸ்ட்ரைக்' என்பார்கள். கைதி போட்ட வழக்கோ மேல்முறையீடோ வெட்டி வழக்கு, கெட்ட நோக்கத்தில் போட்டது, அல்லது சட்டப்படி பரிகாரம் தரக்கூடிய கோரிக்கை எதுவும் இதில் இல்லை என்று மூன்று முறை தள்ளுபடி ஆனால், அப்புறம் தவணைச் சலுகை இல்லை. 405 டாலரையும் மொத்தமாக முன்கூட்டியே வைத்தால்தான் மனு. உடனடியாக உடலுக்குப் பெரிய ஆபத்து இருக்கிறது என்று காட்டினால் மட்டும் விதிவிலக்கு. முதல் இரண்டு காரணங்கள் எனக்குப் புரிகிறது, நியாயமும் இருக்கிறது. மூன்றாவதுதான் அநியாயம். வக்கீல் இல்லாமல், சிறை நூலகத்தில் கிடைத்ததை வைத்துக்கொண்டு கைப்பட எழுதிய மனுவில் எந்த அதிகாரியை எந்தக் காரணத்துக்காகச் சேர்க்க வேண்டும் என்று தெரியாமல் எழுதியிருப்பான், கோரிக்கை சரியாக அமையவில்லை என்று தள்ளுபடி ஆகும், அதுவும் ஒரு ஸ்ட்ரைக். மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் ஸ்ட்ரைக் கணக்கில் சேரும் என்று 2015இல் தீர்ப்பு. மறுபடி வழக்கு போடத் தடையில்லை என்ற வகைத் தள்ளுபடியும் ஸ்ட்ரைக்தான் என்று 2020இல் தீர்ப்பு. தெரியாமல் எழுதியவனையும் வேண்டுமென்றே தொல்லை கொடுத்தவனையும் ஒரே தராசில் நிறுத்துகிறார்கள்.

கட்டணம் அரசுக்கு வருமானம் என்பதற்காகப் போட்டது இல்லை. மாதம் 13 டாலரைப் பிடித்து, எழுதி, அனுப்பி, வரவு வைக்கிற சிப்பந்திகளின் சம்பளத்தை நினைத்தாலே தெரியும். போடும் முன் ஒரு தடவை யோசிக்கட்டும் என்பதுதான் எண்ணம், செனட்டில் அதை ஒளிக்காமலே சொன்னார்கள். யோசித்தார்களா என்றால், வழக்குகள் குறைந்தன, அதில் சந்தேகமில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மார்கோ ஷ்லாங்கர் கணக்கெடுத்தபடி 1995 உச்சத்திலிருந்து 2001க்குள் 43 சதவீதம் குறைவு, அதே காலத்தில் சிறையில் இருப்போர் எண்ணிக்கை 23 சதவீதம் கூடியும். ஆனால் வெட்டி வழக்குகள்தான் வடிகட்டப்பட்டன என்றால் மிச்சம் இருப்பதில் ஜெயிக்கிற விகிதம் ஏற வேண்டும் அல்லவா? ஏறவில்லை என்பதும் அவருடைய கண்டுபிடிப்புதான். நல்ல வழக்கும் கெட்ட வழக்கும் சேர்ந்தே போய்விட்டன. ஆயிரம் டாலர் வைத்திருக்கும் கைதிக்கு 350 ஒரு தடையே இல்லை, ஒன்றுமே இல்லாதவன் எப்படியும் உள்ளே வந்துவிடுகிறான். 30 டாலர், 60 டாலர் என்று வைத்துக்கொண்டு சோப்பா வழக்கா என்று கணக்குப் போடுகிறவனைத்தான் இந்தச் சட்டம் பிடிக்கிறது. அந்தப் பையனும் இந்த ரகம்தான்.

ஒரு நல்லதையும் சொல்லிவிட வேண்டும். ஏழை மனு ஏற்கப்பட்டு வடிகட்டலையும் தாண்டிவிட்டால், எதிர்த் தரப்புக்கு சம்மன் கொடுக்கும் வேலையை அமெரிக்க மார்ஷல் அலுவலகம் இலவசமாகச் செய்துகொடுக்கும். உள்ளே இருந்துகொண்டு ஏழு அதிகாரிகளைத் தேடிப் பிடித்து சம்மன் கொடுக்க முடியாது, அதனால் இது சின்ன உதவி இல்லை.

எல்லா மனுவுக்கும் இந்த 350 கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். தண்டனையையோ காவலையோ எதிர்த்துப் போடும் ஆட்கொணர்வு மனுவுக்கு ஃபெடரல் கோர்ட்டில் கட்டணம் வெறும் 5 டாலர், இந்தத் தவணை விதிகள் அதற்குப் பொருந்தாது என்றுதான் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சுப்ரீம் கோர்ட்டில் கட்டணம் 300 டாலர், ஏழை மனு ஏற்கப்பட்டால் அது இல்லை. மற்றவர்கள் அச்சடித்த புத்தகமாக 40 பிரதி கொடுக்க வேண்டிய இடத்தில் வக்கீல் இல்லாத கைதி ஒரே ஒரு மூலப் பிரதி அனுப்பினால் போதும். குடியேற்றக் காவலில் இருப்பவர்கள், நம் ஆட்களில் பலருக்கு அதுதான் நிஜமான கவலை, அவர்கள் குற்றத்துக்காக அடைக்கப்படாததால் இந்தச் சட்டத்தின் கணக்கில் கைதிகளே இல்லை, சாதாரண ஏழைக்கு உள்ள முழுத் தள்ளுபடியைக் கேட்கலாம். 2020இல் சுப்ரீம் கோர்ட் வரை போய்த் தோற்ற ஓர் இலங்கைத் தமிழரின் அடைக்கல வழக்கும் ஆட்கொணர்வு மனுவாகத்தான் தொடங்கியது.

நம் ஊரில் எப்படி என்று கேட்டீர்கள். வெள்ளைக்காரன் காலத்து 1870ஆம் வருஷக் கோர்ட் ஃபீஸ் சட்டத்திலேயே கைதி கொடுக்கும் மனுவுக்குக் கட்டணம் இல்லை என்று 19ஆவது பிரிவில் இருக்கிறது. தண்டனையை எதிர்த்த மேல்முறையீட்டை ஜெயில் அதிகாரியிடம் கொடுத்தால் அவரே கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும். திகார் சிறையிலிருந்து சுனில் பத்ரா, பக்கத்தில் ஒரு கைதியை வார்டர் சித்திரவதை செய்கிறார் என்று சுப்ரீம் கோர்ட் நீதிபதிக்கு ஒரு கடிதம் எழுதினார், அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார்கள். 1987ஆம் வருஷச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவுப்படி, காவலில் இருக்கும் யாருக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு.

இதைப் படித்துவிட்டு நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டாம். சிவில் வழக்கில் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளைப்படி வருகிற வறியவருக்கும் கட்டணம் தள்ளித்தான் போகிறது, தோற்றால் பிறகு கட்டச் சொல்வார்கள். 'பாப்பர்' என்ற சொல்லை 1976இல் எடுத்துவிட்டு 'வறியவர்' என்று பொருள்படும் வேறு ஆங்கிலச் சொல்லை வைத்ததுதான் மிச்சம். அதைவிட, நம் சிறைகளில் காசு ஆளைத் தடுக்கிற இடம் மனுத்தாக்கல் வாசல் இல்லை, ஜாமீன் வாசல். ஜாமீன் கிடைத்தும் பிணைத்தொகை கட்ட முடியாமல் உள்ளே கிடப்பவர்களுக்காக மத்திய அரசு 2023இல் ஒரு திட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது, விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரை, அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 வரை. அங்கே வாசல் வேறு, பூட்டு ஒன்றுதான்.

இனி அந்தப் பையனுக்கு. கோர்ட்டுக்குப் போகும் முன் சிறைக்குள்ளேயே குறைதீர் மனு கொடுத்து, அதன் மேல்முறையீட்டுப் படிகள் எல்லாவற்றையும் கெடு தவறாமல் முடித்தானா என்று முதலில் கேளுங்கள். முடிக்காமல் வந்தால் 1996 சட்டப்படி வழக்கு தள்ளுபடி, 350 டாலர் போனது போனதுதான். நான் படித்த கடிதங்களில் அதிகம் பேர் விழுந்த குழி இது. ஒவ்வொரு மனுவுக்கும் நகல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். சிறையில் வைத்தியம் தராதது அரசியல் சாசன மீறல் ஆகலாம் என்று 1976இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது, டெக்சாஸ் சிறையில் பஞ்சுப் பொதி மேலே விழுந்து முதுகு போன ஒரு கைதி கையால் எழுதிய மனுவில்தான். ஆனால் டாக்டர் கவனக்குறைவாக இருந்தார் என்று எழுதினால் போதாது, தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்று காட்ட வேண்டும். அந்த வழக்கைப் போட்டவரே கடைசியில் அந்த இடத்தில்தான் தோற்றார். எந்தத் தேதி யாரிடம் சொன்னான், அவர் என்ன சொன்னார் என்று அவன் எழுதட்டும். மனக்கஷ்டத்துக்கு மட்டும் பணம் கேட்டால் நிற்காது, உடல் காயம் காட்ட வேண்டும், புண் இருப்பதால் அவனுக்கு அந்தப் பிரச்சினை அநேகமாக வராது.

ஏழை மனுப் படிவத்தை அந்தந்த மாவட்டக் கோர்ட் கிளர்க்குக்கு எழுதிக் கேட்டால் அனுப்புவார்கள். அதோடு கடந்த ஆறு மாதத்துக் கணக்கு விவரத்தைச் சிறை அதிகாரி சான்றளித்துத் தர வேண்டும். அதை வாங்குவதற்குள் வாரங்கள் ஓடும், அதனால் முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. நோட்டரி தேவையில்லை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்ற வாசகத்தோடு கையெழுத்துப் போதும். ஆனால் கணக்கில் பணம் இருந்தும் இல்லை என்று எழுதினால் வழக்கையே தூக்கி எறிவார்கள். கெடு நெருங்கினால் பயப்பட வேண்டாம், மனுவைச் சிறை அதிகாரியிடம் தபாலுக்குக் கொடுத்த நாளே தாக்கல் செய்த நாளாகக் கொள்ள 1988 தீர்ப்பு ஒன்று வழி செய்திருக்கிறது, கொடுத்த தேதியை மறக்காமல் எழுதி வைக்கட்டும். வேறு சிறைக்கு மாற்றினால் உடனே புது விலாசத்தைக் கோர்ட்டுக்கு எழுத வேண்டும். கோர்ட் உத்தரவு பழைய சிறைக்குப் போய்த் திரும்பி வந்து, பதில் இல்லை என்று வழக்கு மூடப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

வக்கீல் கிடைப்பார் என்று அதிகம் நம்ப வேண்டாம். சிவில் வழக்கில் அரசு செலவில் வக்கீல் பெற உரிமை இல்லை, கைதி ஜெயித்தாலும் எதிர்த் தரப்பு வக்கீல் கட்டணமாகத் தர வேண்டிய தொகைக்கு இந்தச் சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது, அதனால் தனியார் வக்கீல்கள் இந்தப் பக்கம் வருவது குறைவு.

கடைசியாக வீட்டுக்காரர்களுக்கு ஒன்று. உதவி செய்கிறேன் என்று வழக்கு போடும் முன் அவன் கணக்கில் மொத்தமாகப் பணம் போடாதீர்கள். ஆறு மாதச் சராசரி ஏறும், முதல் தவணையும் ஏறும், கையில் காசு இருக்கிறதே என்று ஏழை மனுவே நிராகரிக்கப்படவும் கூடும். நாலு உறவுக்காரர்கள் சேர்ந்து அந்த 350ஐக் கொடுக்க முடியும் என்றால், வழக்கு எண் கிடைத்த பிறகு நேராக கோர்ட் கிளர்க் பெயருக்கு அனுப்பிவிடலாம். அப்புறம் அம்மா அனுப்பும் 50 டாலரில் கோர்ட் கை வைக்காது. மணி ஆர்டரில் பையனின் பெயரையும் வழக்கு எண்ணையும் எழுத மறக்காதீர்கள், எண் இல்லாமல் போனால் எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று தெரியாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.